உன் கிட்னியை அவருக்குக் கொடுக்காதே

குமரேசா,

ஞாயிற்றுக்கிழமை உன் போனைப் பாதியில் வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய், அப்படி எதுவும் இல்லை. “அம்மா, பெரியப்பாவுக்கு என் கிட்னி ஒண்ணு குடுக்கலாம்னு இருக்கேன், டாக்டர்கிட்ட பேசிட்டேன்” என்று, கடைக்குப் போய் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வருகிறேன் என்கிற மாதிரி சொன்னாய். போனில் நான் கத்தினால் நீ அதை மேஜைமேல் வைத்துவிட்டு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பெண்டாட்டியும் படிக்கட்டும். நம் தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் போனில் அனுப்பிப் படிக்கட்டும். உன் பெரியப்பாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டும். இனிமேல் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இருபத்தைந்து வருஷமாக உன் பெரியப்பாவை நான் வெறுக்கிறேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் வெறுக்கிறேன். அவர் வந்தால் எழுந்து நிற்கிறேன், முந்தானையை இழுத்துப் போர்த்துகிறேன், மாமா என்றுதான் கூப்பிடுகிறேன், காப்பி கொடுக்கிறேன். அந்தக் காப்பியை ஆறவைத்துத்தான் கொடுப்பேன். ஒரு தடவைகூட சூடாகக் கொடுத்ததில்லை. உனக்கு இது தெரியாது. உனக்கு அவர் சாமி. உன் அப்பா செத்தபிறகு சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர், பெங்களூரில் உனக்குக் காலேஜ் இடம் கிடைக்க மூன்று நாள் வெயிலில் வரிசையில் நின்றவர், பிள்ளையில்லாத மனுஷன், உன்னையே பிள்ளையாக நினைத்தவர். எல்லாம் உண்மைதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் ஏன் அப்படி உருகி உருகிச் செய்தார் என்று மட்டும் நீ இதுவரை கேட்கவே இல்லை.

உடம்பைப் பற்றி நீ கூகுளில் படித்திருப்பாய். நான் படித்தது வார்டில். உன் அப்பா போன அடுத்த வருஷம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். பெட்பேன் எடுத்து, துணி மாற்றி, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்து, ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்குப் பின்னால் நின்று நின்று கற்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுதான் காலேஜ். அங்கே நான் தெரிந்துகொண்ட முதல் பாடம் இதுதான். உடம்புக்குள் எதுவும் தனியாக வேலை பார்ப்பதில்லை.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு ஓடுவாயே, இட்லியை வாயில் திணித்துக்கொண்டு, ரயில் ஊதியபிறகு. அப்போது உனக்குள்ளே என்ன நடந்தது தெரியுமா? கால் சதை காற்று கேட்டது. மார்பு விரிந்து விரிந்து வாங்கியது. வாங்கியதை ரத்தம் சுமந்தது, ரத்தத்தை இதயம் தள்ளியது. ஈரல் தான் சேர்த்துவைத்த சர்க்கரையை எடுத்து வெளியே விட்டது. தோல் வேர்த்துச் சூட்டை இறக்கியது. வேர்வையில் தண்ணீர் போகிறதே என்று கிட்னி சிறுநீரைக் குறைத்தது. வயிறு மட்டும் இட்லியை அப்படியே வைத்துக்கொண்டு, இப்போது என் முறை இல்லை என்று சும்மா இருந்தது. இவ்வளவும் யாரும் உத்தரவு போடாமல், நீ அந்த மூன்றாவது பெட்டியில் தொற்றி ஏறுவதற்குள் நடந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி அடங்கியும் விட்டது. ஆரோக்கியம் என்றால் இதுதான் குமரேசா. ஒன்று கேட்க வேண்டும், மற்றது கொடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் எல்லாம் அவரவர் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

கிட்னி என்றால் சிறுநீர் பிரிக்கிற சல்லடை, இரண்டில் ஒன்று போனால் என்ன என்று நீ நினைக்கிறாய். ரத்தம் ஊறுவதற்கு எலும்புக்கு ஆள் அனுப்புவது அதுதான். ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பதும், எலும்பு பலமாக இருப்பதற்கு வேண்டியதைச் செய்துகொடுப்பதும் அதுதான். உன் பெரியப்பாவைப் பார்த்தாயே, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போட்டும் சுண்ணாம்பு அடித்த முகமாக இருக்கிறார், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சோறு மண்ணாக இருக்கிறது என்கிறார், உடம்பெல்லாம் அரிப்பு என்கிறார். கிட்னி ஒன்றுதான் படுத்தது. அதோடு ரத்தமும் எலும்பும் இதயமும் நாக்கும் தோலும் சேர்ந்து படுத்துவிட்டன. இதை நான் வருத்தப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவர் சொறிவதை நான் கண் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன் கேள்.

உன் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கிக் கல்லைத் துளைக்கிற டிரில் ஆள். அந்த லெவலில் அவரைப்போல டிரில் போட இன்னொருவன் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உன் பெரியப்பா அந்த கேங்குக்கு மேஸ்திரி. எத்தனை அடி ஆழம் துளை போட்டார்களோ அந்தக் கணக்குக்குத்தான் முழு கேங்குக்கும் கூலி. டிரில் போடும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே போட வேண்டும், அப்போதுதான் தூசி பறக்காது. தண்ணீர் விட்டால் சேறு ஒழுகும், கால் வழுக்கும், அடி குறையும். அதனால் மேலே இருந்து யாராவது பார்க்க வரும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் உன் பெரியப்பா தண்ணீரை அடைக்கச் சொல்லிவிடுவார். உலர்ந்த கல்லில் ஓட்டினால் முகத்துக்கு நேராகப் புகைபோல அடிக்கும். அதற்கு இவர்கள் வைத்திருந்த வைத்தியம் என்ன தெரியுமா? வெல்லம். ஷிப்ட் முடிந்து ஆளை ஏற்றி இறக்குகிற கேஜில் மேலே வந்ததும் ஒரு பெரிய கட்டி வெல்லத்தை வாயில் போட்டுச் சப்ப வேண்டும், தூசி அதில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும், காலையில் வெளியேறிவிடும். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் மொத்தமுமே இதை நம்பின. நானும்தான் நம்பினேன். மாதாமாதம் மண்டை வெல்லமாகப் பார்த்து வாங்கி, உடைத்து, அவர் டிபன் டப்பாவின் மேல் தட்டில் வைத்து அனுப்பியவள் நான். மூச்சு போகிற வழி வேறு, சோறு போகிற வழி வேறு என்று எனக்கு டாக்டர் ஒருவர் படம் போட்டுக் காட்டியபோது உன் அப்பா மண்ணுக்குள் போய் இரண்டு வருஷம். அன்று வார்டு பாத்ரூமில் நின்று அழுதேன்.

மைன்ஸ் மூடுவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் உன் அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. வழக்கமாக எடுக்கிற எக்ஸ்ரேயில் ஏதோ தெரிந்து, இன்னொரு தடவை வந்து படம் எடு என்று சீட்டு வந்தது. அந்தப் படம் மோசமாக இருந்தால் கீழே விடமாட்டார்கள், மேலே ஏதாவது லேசான வேலையில் போட்டுவிடுவார்கள். அன்று சாயங்காலம் உன் பெரியப்பா நம் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“இன்னாடா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? என் நெஞ்சு சுத்தமா கீது. உன் டோக்கன குடு, நான் போய் நின்னுட்டு வரேன். அண்ணன் தம்பி மூஞ்சி ஒண்ணுதான், எவன் பாக்கப் போறான்?”

“வாணாம்ணா. மூச்சு புடிக்குது. மேலயே போட்டா போட்டுட்டுப் போறாங்க. கூலி கம்மியானா ஆவட்டும்.”

“தோ பார், நீ மேல போய்ட்டா கேங்கு படுத்துக்கும். ஒரே ஒரு வருசம். அதுக்கப்புறம் நானே உன்ன மேல இட்டுனு வரேன்.”

ஆள் அடையாளத்துக்கு நம்பர் அடித்த அந்த டோக்கனை எடுத்துக்கொண்டு அவர் போனார். மறுநாள் காலையில் உன் அப்பாவின் நம்பரில், உன் அப்பாவின் பேரில், தன் மார்பை அந்த மிஷினில் ஒட்டவைத்து மூச்சை இழுத்துப் பிடித்து நின்றார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. உன் அப்பாவுக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று காகிதம் வந்தது. அந்த டாக்டரைக் குற்றம் சொல்லவே முடியாது, அவர் பார்த்தது நல்ல நுரையீரல்தான். உன் அப்பா அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். ஒரு வருஷம் என்றது மூன்று வருஷம் ஆனது.

பிறகு நடந்தது உனக்கு அரைகுறையாகத் தெரியும், உனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. எனக்கு மட்டும் அன்றைக்கு என்ன தெரிந்தது? கால் வீங்கியது, உப்பைக் குறைத்தேன். வயிறு வீங்கியது, வாழைத்தண்டு போட்டேன். உதடு கறுத்தது, சுருட்டைத் தூக்கி எறிந்தேன். காலுக்குக் காலில், வயிற்றுக்கு வயிற்றில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனைக்கும் காரணம் மார்பில் இருந்தது. தூசி படிந்து நுரையீரல் கல்லாக இறுகிப்போனதால் அதற்குள் ரத்தத்தைத் தள்ள இதயம் முட்டி முட்டி வீங்கியிருக்கிறது. தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி ஈரலும் காலும் ஊதியிருக்கின்றன. காற்றுப் பற்றவில்லையே என்று கிட்னி எலும்புக்குச் சொல்லி இன்னும் ரத்தம் ஊறவைக்க, அது கெட்டியாகி இதயத்துக்கு இன்னும் பாரமாகியிருக்கிறது. பார்த்தாயா, யாரும் கெடுக்கவில்லை. ஒவ்வொன்றும் உதவி செய்யத்தான் வந்தது. படுத்துக்கிடக்கிற ஒன்றை மற்றவை மூடி மறைத்துத் தாங்கின, தாங்கித் தாங்கித் தாங்களும் விழுந்தன. நுரையீரல் முதல் நாளே வேலையை நிறுத்திக் கூச்சல் போட்டிருந்தால் உன் அப்பா இன்று ஸ்கெலட்டன் லைன் முனையில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார். ஆனால் அவர் மார்புக்குப் பதில் இன்னொருவர் மார்பு போய் நின்று, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். மேலே எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. அடித்து எழுதலாம் என்று பார்த்தேன், வேண்டாம், அப்படியே இருக்கட்டும். டோக்கனை எடுத்துக்கொண்டு அவர் போகவில்லை. உன் அப்பா கொடுக்க மாட்டேன் என்று சட்டைப் பையைப் பொத்திக்கொண்டுதான் படுத்தார். விடியற்காலையில் அவர் குளிக்கப் போனபோது சட்டையிலிருந்து எடுத்து, மறுபடியும் வந்து கதவுக்கு வெளியே நின்ற உன் பெரியப்பா கையில் வைத்தவள் நான். உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். கூலி குறைந்தால் மானம் போகும் என்று எனக்குப் பயம். திரும்பி வந்து டோக்கனைக் காணோம் என்று தேடிய மனுஷனிடம், “அவரு எடுத்துனு போய்ட்டாரு, நான் இன்னா பண்ண?” என்று சொன்னேன். இருபத்தைந்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான். அந்தப் பொய் இத்தனை வருஷம் பழகிவிட்டதால் கை தானாக அதையே எழுதிவிட்டது.

ஆனால் ஒன்று. நான் தப்பு செய்தேன் என்பதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. கீழே இருந்து தினம் தினம் பார்த்தவர் அவர். தம்பி டிரில்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமுவதைப் பார்த்துக்கொண்டே தண்ணீரை அடைக்கச் சொன்னவர் அவர். என்னை நான் என்ன செய்துகொள்ள முடியும்? பிள்ளையை வளர்க்க வேண்டும், சாகவும் முடியாது. அதனால் என் பங்கு வெறுப்பையும் சேர்த்து அவர்மேலேயே போட்டேன். நல்ல கனமாகத்தான் இருந்தது. நீ அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும்போதெல்லாம் வாசலில் நின்று மனசுக்குள் சபித்தேன். சாபம் பலிக்கவில்லை. அறுபது வயதிலும் மனுஷன் சிலம்பம் சுற்றுகிறவன் மாதிரி விறைப்பாக நடந்தார். நல்ல நுரையீரல் அல்லவா.

பிறகு அவருக்கு முட்டி வலி வந்தது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. ஐந்து வருஷம் முன்னால், முட்டி தாங்கவில்லை என்று யாரோ கொடுத்த ஒரு வலி மாத்திரையைப் போட்டார். கேட்டது. “ஆஸ்பத்திரி பக்கம்தான போற, இத ஒரு அட்டை வாங்கிட்டு வந்து குடும்மா” என்று என்னிடம் காலி அட்டையை நீட்டினார். அதை வாங்கிப் பார்த்தேன். எங்கள் வார்டில் டாக்டர் வாய் ஓயாமல் திட்டுகிற மாத்திரை அது. வயதானவர், சர்க்கரை இருக்கிறவர், பிரஷர் இருக்கிறவர் தினமும் போட்டால் கிட்னி அவிந்துவிடும் என்று நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு அட்டை கேட்டவருக்கு மூன்று அட்டை வாங்கிவந்து கொடுத்தேன். “மாமா, சாப்ட்டுட்டு போடுங்க” என்று அக்கறையாக வேறு சொன்னேன்.

மூன்று வருஷம் கொடுத்தேன் குமரேசா. மாதம் தவறாமல். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். கிட்னி அழாத பிள்ளை. முக்கால்வாசி போகும்வரை வாயைத் திறக்காது, மிச்சமிருப்பது எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருக்கும். ஆனால் பார்க்கத் தெரிந்தவளுக்குத் தெரியும். காலையில் அவர் கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, பார்த்தேன். செருப்பின் வார் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது, பார்த்தேன். “தண்ணி மாதிரி போவுது, நுரை நுரையா கீது, சூடு புடிச்சிக்கினு கீது போல” என்று அவரே சொன்னார், இளநீர் குடியுங்கள் என்றேன். டாக்டர் கண்டுபிடிப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன், கண்டுபிடித்துச் சும்மா இருந்தேன். உன் அப்பாவின் உடம்பில் எது முதலில் விழுந்தது, எது அடுத்து விழுந்தது என்று எண்ணிவைத்திருந்தேன் அல்லவா, அதேபோல அவருக்கும் எண்ணினேன். கால், முகம், பிரஷர், மூச்சு. வரிசை தவறவில்லை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், ஆமாம், இருந்தது. உன்னிடம் எதற்குப் பொய்?

இப்போது புரிகிறதா, நீ போனில் சொன்னது என் காதில் எப்படி விழுந்தது என்று? நான் அவித்த கிட்னிக்குப் பதிலாக, நான் பெற்ற பிள்ளையின் கிட்னி. கொள்ளிக்கட்டையை எடுத்து நானே தலையைச் சொறிந்துகொண்ட கதை. அவரைப் பழிவாங்க நான் வைத்த நெருப்பு சுற்றிவந்து உன் வயிற்றில் கத்தி வைக்கிறது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்க நீ யாரடா? அந்த உடம்பை உன் அப்பா தூசி தின்று வளர்த்தார். நான் பெட்பேன் கழுவி வளர்த்தேன். உன் மகளுக்கு இன்னும் பால் பல் விழவில்லை. உன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

புதன்கிழமை டயாலிசிஸுக்கு அவரோடு நானே போனேன். துணைக்கு நீ அனுப்புகிற பையனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலு மணி நேரம் அவர் எழுந்து ஓட முடியாது, ஊசி இரண்டும் கையில் இருக்கும், ரத்தம் வெளியே போய் வந்துகொண்டிருக்கும். அந்த நாலு மணி நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னேன். டோக்கனை, தண்ணீரை, உன் அப்பா கடைசி மாதம் உட்கார்ந்தே தூங்கியதை, எல்லாவற்றையும். பிறகு மாத்திரையைச் சொன்னேன். தெரிந்தேதான் வாங்கிக் கொடுத்தேன் மாமா, உங்க கிட்னிய அவிச்சது நான்தான் என்றேன். அவர் அலறுவார், நர்ஸைக் கூப்பிடுவார், போலீஸுக்குப் போவேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் போனேன்.

அவர் மிஷினையே பார்த்துக்கொண்டு, “தெரியும்மா” என்றார்.

“இன்னா தெரியும்?”

“மருந்துக் கடைக்காரன் அப்பவே சொன்னான். அந்த அம்மாவுக்குத்தான் தெரியுமே, இத்தன எதுக்கு வாங்கினு போவுது, உங்க கிட்னி போய்டும் அங்கிள்னான்.”

“அப்புறம் எதுக்கு முழுங்கினீங்க?”

“உன் கையால குடுத்தத வாணாம்னு சொல்ல எனக்கு இன்னா யோக்கியத கீது? தம்பி போனதுல இருந்து கேட்டதுக்கு மேல நீயா எனக்கு ஒண்ணு குடுத்தது அதுதான்.”

எனக்கு எப்படி இருந்தது என்கிறாய்? ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. இந்த மனுஷனைப் பாரேன்! என் புருஷனைப் பிடுங்கினார், என் பிள்ளையின் பாசத்தைப் பிடுங்கினார், கடைசியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வருஷம் செய்த பழியையும் பிடுங்கித் தன் பிராயச்சித்தமாக ஆக்கிக்கொண்டார். நான் விஷம் என்று கொடுத்ததை அவர் பிரசாதம் என்று தின்றிருக்கிறார். எனக்கென்று என்னதான் மிச்சம்? இதற்கு மேல் அவர் என்ன சொன்னார் தெரியுமா? குமரேசன் கிட்னியை வாங்கமாட்டேன், அவனிடம் சொல்லிவிடு, எனக்கு இது போதும், நான் போகிறேன், போய் என் தம்பி காலில் விழுகிறேன் என்றார். நிம்மதியாகச் சொன்னார். சாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை நானே பெங்களூருக்கு வந்தேன், உனக்குச் சொல்லவில்லை. நீ பேசிவிட்டு வந்த அதே டாக்டரைப் பார்த்தேன். என் ரத்த குரூப் யாருக்கும் ஒத்துப்போகிற குரூப், அது எனக்கு வார்டிலேயே தெரியும். அறுபத்தொரு வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பெட்பேன் தூக்கித் தூக்கி உடம்பு கட்டாக இருக்கிறது. முதல் டெஸ்டுகள் நன்றாக வந்திருக்கின்றன, மிச்சமும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒன்றை எடுத்தால் இருக்கிற இன்னொன்று கொஞ்சம் பெருத்து அதன் வேலையையும் சேர்த்துச் செய்துகொள்ளும். எனக்கு ரத்த சம்பந்தம் இல்லை என்பதால் ஒரு கமிட்டி கூப்பிட்டு விசாரிக்குமாம். யாரும் மிரட்டவில்லை, யாரிடமும் எதுவும் வாங்கவில்லை, பாசத்தால்தான் கொடுக்கிறேன் என்று நான் அவர்கள் முன்னால் என் வாயால் சொல்ல வேண்டுமாம். பாசமாம்! ஃபாரத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த டாக்டர் பெண் நல்ல பெண், “யாக்கம்மா நகுத்தீரா” என்று கன்னடத்தில் கேட்டாள். ஏன் சிரிக்கிறேன் என்று அவளுக்கு எங்கிருந்து சொல்வது? சொல்லிவிடுவேன் குமரேசா. கண்ணாடி முன்னால் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், ஐந்தாம் தடவை நாக்கு குழறவில்லை.

அவர் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு யோக்கியதை இல்லை என்று அவரேதான் சொன்னார், அந்த வார்த்தையில் அவரை நான் பிடித்துக்கொள்வேன். நீ குறுக்கே வராதே. நல்லவளாக மாறிவிட்டேன் என்று மருமகளிடம் சொல்லிப் பெருமைப்படவும் செய்யாதே. அவரை நான் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூடப் பல் நறநறவென்கிறது. அவர் இப்போது சாகக் கூடாது, அவ்வளவுதான். செத்தால் நேராக உன் அப்பாவிடம் போவார். காலில் விழுவார், அழுவார், டோக்கன் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று சொல்வார். உன் அப்பா இளகின மனசுக்காரர், அண்ணனைத் தூக்கி நிறுத்தி மன்னித்துவிடுவார். அப்புறம் வாசலில் நின்று எனக்காகக் காத்திருப்பார், என்னடி செய்தாய் என்று கேட்பதற்கு. அது நடக்கக் கூடாது. என் கிட்னியை வைத்துக்கொண்டு உன் பெரியப்பா இன்னும் பத்து வருஷமோ இருபது வருஷமோ இங்கேயே கிடக்கட்டும். உன் அப்பாவிடம் நான்தான் முதலில் போக வேண்டும், நான்தான் என் வாயால் சொல்ல வேண்டும்.

அம்மா